துடைத்த அம்பு

மொன்ட்ரியாலில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. பருத்தித்துறை வடை, ஒடியல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், என்னுடைய நல்ல சேலைகள் எல்லாம் வேறு ஏதோ ஊர் பார்க்கப் போய்விட்டன. விமான நிலையத்துப் பெண் மிகுந்த மரியாதையோடு ஓர் இலக்கத்தை எழுதித் தந்து, "தேடிக்கொண்டே இருப்போம்" என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பாதி ஆயுள் தமிழ் படிப்பித்தவள் நான். வீட்டுவேலை செய்யாத பிள்ளையின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வந்தது தங்கை வசந்தியின் முழங்காலுக்காக. சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். மகன் ரொறன்ரோவில் படிக்கிறான். கணவர் குகன் புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். செயின்ட்-மிஷேலில் அவர்களுடைய வீடு, கீழே கராஜ், மேலே அவர்கள், அதற்கும் மேலே சத்தமாகச் சண்டை பிடிக்கிற ஒரு இளம் தம்பதி. அவர்கள் பிரெஞ்சில் சண்டை பிடித்ததால் எனக்கு நித்திரை கெடவில்லை.

வந்த மறுநாளே கந்தசட்டி தொடங்கிவிட்டது. முழங்கால் வெட்டிய பொம்பிளை ஒரு நேரச் சாப்பாட்டோடு ஆறு நாள் கிடப்பதா என்று ஏசினேன். வசந்தி கேட்கவில்லை. நான் விரதம் பிடிப்பதில்லை. எனக்கு வயிறு முக்கியம். ஆனால் அந்த வீட்டில் அந்த ஆறு நாளும் மச்சம் மாமிசம் வாசல் தாண்டாது. ஆகவே நடுவில் ஓட்டை போட்ட இந்த ஊர் பேகல் பாணைச் சுட்டு, தேங்காய்ச் சம்பலை அந்த ஓட்டைக்குள் அடைத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பாண் சுடுகிறவன் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் ஓட்டை போட்டிருக்க மாட்டான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கறிவேப்பிலை வாங்கப் போய், எதிர்த்திசை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மொன்ட்ரியால்-நோரில் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த ஹெய்ட்டி நாட்டுப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். தானும் இறங்கி, என்னைத் தெருவின் மறுபக்கம் கூட்டிப் போய், சரியான பஸ் வரும்வரை கூடவே நின்றாள். அவளுடைய பஸ் போய்விட்டது. "போகட்டும், இன்னொன்று வரும், நீங்கள் தொலைந்தால் இன்னொருவர் வரமாட்டார்" என்றாள் ஆங்கிலத்தில். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். இரண்டாவதை நாலைந்து தடவை சொன்னேன்.

ஐந்தாம் நாள்தான் விவகாரம் வந்தது.

அன்று குகன் ஓவர்டைம் என்று விடியமுதல் போனவர், மதியத்திலேயே வந்துவிட்டார். மேலே வரவில்லை. கராஜில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நீண்டுகொண்டே போனது. வசந்தி சாமி அறையில் இருந்தாள். நான் கீழே இறங்கிப் போனேன். குகன் சேட்டைக் கழற்றிவிட்டு, கை இரண்டையும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டு நின்றார். மேசையில் துப்பாக்கி போலத் தோளில் வைத்து விசையை இழுக்கிற ஒரு வில். அதன் பக்கத்தில் புதுசு போலப் பளபளக்கிற ஒரு அம்பு. டெற்றோல் மணம்.

"என்ன தம்பி இது?"

"அக்கா, சத்தம் போடாதேங்கோ. வசந்திக்குக் கேட்கும்."

கனடாவில் எங்கள் ஆட்கள் வேட்டைக்குப் போவார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. வசந்தி போனில் முறைப்பாடு வைத்திருக்கிறாள். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி எடுத்துச் செய்கிற காரியம். ஒரு வருடத்துக்கு ஒரு மான். ஆற்றைக் கடந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு விவசாயியின் காணி. அங்கே வேட்டையாடக் குகனுக்கு அவர் இடம் கொடுத்திருந்தார். ஒரேயொரு நிபந்தனை: எதற்கு அம்பு பட்டதோ அதை வெளியே கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டுப் போகிறவன் திரும்பி வரக்கூடாது.

"அடிச்சனான், அக்கா. பட்டது. விழேல்ல. ஓடிட்டுது."

"எங்க பட்டது?"

"அதுதான் தெரியேல்ல. பின்னால ஓடினனான். கொஞ்சத் தூரம் ரத்தம் கிடந்தது. பேந்து இல்லை. சுத்திச் சுத்திப் பாத்தன். அம்பு மட்டும் கிடைச்சது, ஊடுருவிப் போய் மண்ணில குத்திக் கிடந்தது."

"அம்பில என்ன இருந்தது?"

குகன் மேசையைப் பார்த்தார். "துடைச்சுப் போட்டன். சட்டிக் காலம், ரத்தத்தோட எப்பிடி வீட்டுக்குக் கொண்டு வாறது?"

உலகத்தில் வேறு எந்த வேட்டைக்காரனும் இதைச் செய்திருக்க மாட்டான். இவர் ஈரக் கடதாசியால் துடைத்து, டெற்றோலால் கழுவி, பூசைக்கு வைக்கலாம் போல அம்பைச் சுத்தமாக்கியிருந்தார். அந்த மானைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடிய ஒரேயொரு சாட்சியைக் குளிப்பாட்டி விட்டிருந்தார்.

காயப்பட்ட மானைத் தேடித்தருகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கயிற்றில் கட்டிய நாயோடு வருவார்கள், காசு கேட்பதில்லை. விவசாயியின் மாட்டுத் தொழுவக் கதவில் அப்படி ஒருவருடைய தொலைபேசி இலக்கம் ஒட்டியிருக்கிறதாம். குகன் அதைப் போனில் பதிந்து வைத்திருந்தார். ஆனால் எடுக்க வெட்கம். நான் அவருடைய போனை வாங்கி அழைத்தேன். மடலேன் என்ற ஒரு பெண் எடுத்தாள். தொழில் பல்வைத்தியம். நோயாளி கதிரையில் இருப்பதாகவும், சுருக்கமாகச் சொல்லும்படியும் ஆங்கிலத்தில் சொன்னாள். போனின் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்துக் குகனைப் பேசவிட்டேன்.

"மான் எப்படி நின்றது?"

"என்னைப் பார்த்து. கொஞ்சம் சாய்ந்து."

"அப்படி நிற்கிற மானுக்கு எய்யக்கூடாது. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்."

"தெரியும்."

"அடிபட்டதும் என்ன செய்தது? துள்ளியதா, முதுகைக் கூனியதா?"

"கூனியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது."

"சரி. அம்பில் என்ன நிறம்? என்ன மணம்?"

குகன் போனை என் பக்கம் தள்ளினார். நான் சொன்னேன்: "டெற்றோல் மணம்." பிறகு காரணத்தையும் சொன்னேன். மறுமுனையில் யாரோ வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. "உங்கள் கடவுளுக்குச் சுத்தம் வேண்டும், என் நாய்க்கு அழுக்கு வேண்டும்" என்றாள் மடலேன். "நெஞ்சில் பட்டிருந்தால் இப்போதே வரலாம். வயிற்றில் பட்டிருந்தால் இப்போது போகவே கூடாது. எதுவென்று தெரியாமல் நான் என்ன செய்ய?"

"துடைச்ச கடதாசி எங்க?" என்று குகனைக் கேட்டேன்.

"முக்கில இருக்கிற டெப்பனர் சில்லறைக் கடைக்கு வெளியால, குப்பைத் தொட்டிக்குள்ள. வீட்டுக் குப்பைக்குள்ள போட ஏலாதுதானே."

நான் படியேறி, கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். குகன் பின்னால் ஓடி வந்தார். "அக்கா, ஆக்கள் பாப்பினம், அக்கா." பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் எறிந்த வினாத்தாள்களைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து விரித்திருக்கிறேன். கையை உள்ளே விட்டேன். காப்பிக் கோப்பைகள், லொத்தர்ச் சீட்டுகள், பாதி தின்ற பீற்சா. கடைக்கார அல்ஜீரியர் வெளியே வந்துவிட்டார்.

"மடம், ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?"

"ஓம், ஒரு மானை."

அவர் என்னைப் பார்த்தார், குகனைப் பார்த்தார், உள்ளே போனார். பொலிசை அழைக்கப் போகிறார் என்று குகன் நடுங்கினார். அவரோ ஒரு சோடி கையுறையோடு திரும்பி வந்தார். அவருடைய உதவியோடுதான் அடியில் கிடந்த பொலித்தீன் பையை எடுத்தோம். பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பை விடப் பச்சையும் மண்ணிறமும்தான் கூட. மூக்கில் அடித்த மணம் மாட்டுக் கொட்டிலில் வருகிற மணம். குடல்.

மடலேன் மறுபடி எடுத்தபோது நிறத்தையும் மணத்தையும் சொன்னேன். பெருமூச்சு விட்டாள். வயிற்றில் பட்ட மான் தூரம் போகாது, கிட்டவே படுத்துவிடும். தனியே விட்டால் படுத்த இடத்திலேயே அடங்கும். துரத்தினால் எழும்பும், காயத்துளை அடைபட்டு ரத்தமும் சிந்தாமல் எங்கேயோ போய்ச் சாகும். குகன் துரத்தியிருக்கிறார். இனி நாளை விடியும்வரை ஒருவரும் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அது நோவோடு கிடக்க, நாங்கள் படுத்துத் தூங்குவதா?"

"நீங்கள் போனால் அது நோவோடு ஓடும். எது நல்லது என்று சொல்லுங்கள், போவோம்."

போட்டிருந்த கோட்டைக் கழற்றினேன். ஒருவர் சொல்லி நான் கேட்பது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

மாலை நானே வசந்தியிடம் சொன்னேன். ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அழுதாள்.

"சட்டிக்குள்ள உயிர் எடுக்கப் போன கை, அக்கா. முருகன் காட்டிப்போட்டார். நாளைக்குக் கோயில்ல ஒரு பாலாபிஷேகம் குடுப்பம். அந்த வில்லையும் ஆருக்கும் குடுத்துத் துலைக்கட்டும். அதோட முடியட்டும்."

அதே நேரம் குகனின் வேட்டைக் கூட்டாளி செல்வா அண்ணை போனில் வந்தார். அவருடைய குரல் மற்ற அறையிலிருந்தே கேட்டது. "விடும் காணும். இது எல்லாருக்கும் நடக்கிறதுதான். சீசன் இன்னும் கிடக்கு. சனிக்கிழமை வாரும், வேறை ஒண்டு அடிப்பம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்ணில் காட்டக் கூடாதவர்கள். வசந்திக்கு செல்வா அண்ணையைப் பிடிக்காது, அவருக்கு இவளைப் பயம். ஆனால் சொன்னது ஒன்றுதான். ஒருத்தி பாலை ஊற்றி மறக்கச் சொல்கிறாள், மற்றவர் இன்னொன்றை அடித்து மறக்கச் சொல்கிறார். வயிற்றில் துளையோடு குளிரில் படுத்திருக்கிற அந்த மானைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை இல்லை. நான் எழும்பி நின்றேன்.

"வசந்தி, நீ கும்பிடுற முருகன்ர வள்ளி ஆர்? வேடர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டு வாசல்ல ரத்தம் பட்ட அம்பு கிடக்கேல்லையோ? அதைத் தாண்டித்தானே அவர் பொம்பிளை கேட்டுப் போனவர்? நாளைக்குக் கோயில்ல சூரன்ர தலையை வெட்டி விழுத்தேக்க நீ கண்ணை மூடுறேல்லைத்தானே?"

"அது வேறை, அக்கா."

"வேறைதான். அங்க வெட்டினது என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். இஞ்ச அடிச்சது என்ன ஆச்சுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொண்டும் கேள். மான் திரும்பும் வரைக்கும் அவர் ஏன் நிக்கேல்ல? உனக்கு ஒளிச்சுப் போனவர். மத்தியானத்துக்கு முதல் குளிச்சு, திருநீறு பூசி, உன்னோட கோயிலுக்கு வரவேணும். அவருக்கு நேரமில்லை. அதால கோணலா நிண்ட மானுக்கு விட்டவர்."

"அப்ப பிழை எனக்கோ?"

"உனக்கும்தான்."

வசந்தி ஊன்றுகோலை எடுத்து, சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நாளைக்கு விடிய வெளிக்கிடும்" என்றேன். "நானும் வாறன்." அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

ஆறாம் நாள். ஊரெல்லாம் சூரன்போருக்குப் போகிற நாளில் நான் மான் தேடப் போனேன். பெட்டி வராததால் உடுப்பும் இல்லை. வசந்தியின் சேலை, அவள் மகனுடைய குளிர்ச் சட்டை, அதற்கு மேல் சட்டப்படி போட வேண்டிய செம்மஞ்சள் மேலங்கி. இந்த நகரத்தில் தெருத் தெருவாகச் செம்மஞ்சள் கூம்புகளை நட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றையும் திருத்தி முடித்ததாகத் தெரியவில்லை. அவற்றில் ஒன்று எழும்பி நடந்தது போல இருந்தேன்.

பாலம் கடந்து, சோளம் வெட்டிய வயல்கள் கடந்து, காணிக்குப் போகும் மண் பாதையில் கார் சேற்றில் இறங்கிவிட்டது. சில்லு சுற்றச் சுற்ற ஆழமாகப் போனது. ஊரில் என்றால் நாலு பேர் வந்து தள்ளுவார்கள், எட்டுப் பேர் வந்து யோசனை சொல்வார்கள். இங்கே ஒரு காகம்கூட வரவில்லை. காரை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம். வழியில் இடியப்பத்தையும் சம்பலையும் நான் நின்றபடி சாப்பிட்டேன். குகன் தொடவில்லை.

மடலேன் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். மெலிந்த, விறுவிறுப்பான பெண். கையில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. என் முழங்காலுக்கு வராத உயரம், நீள உடம்பு, குட்டைக் கால்கள், தாடி. பெயர் பட்டாட். பிரெஞ்சில் உருளைக்கிழங்கு என்று அர்த்தமாம். பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

என் கையில் ஒரு கழிவறைக் கடதாசிச் சுருளைத் தந்தாள். நாய் ரத்தம் காட்டுகிற இடத்தில் எல்லாம் ஒரு துண்டைக் கிழித்துக் கிளையில் தொங்கவிட வேண்டும். தடம் தவறினால் திரும்பிப் பார்த்து, தொங்குகிற துண்டுகளைக் கொண்டு மான் போன திசையைக் கணிக்கலாம். "தடத்தின் மேல் மிதிக்காமல் பக்கத்தில் நடவுங்கள்" என்று சொல்லிக் குகனைப் பார்த்தாள். அவர் நேற்று மிதித்த சப்பாத்து அடையாளங்கள் சேற்றில் நாலா பக்கமும் கிடந்தன.

பட்டாட் மூக்கை மண்ணில் வைத்தது. நான் பையோடு கொண்டுவந்த, அம்பைத் துடைத்த கடதாசியை மோந்து பார்த்தது. பிறகு குகன் சுற்றிய இடத்திலெல்லாம் அதுவும் பொறுமையாகச் சுற்றியது. எனக்குத் தலை சுற்றியது. திடீரென்று கயிறு இறுகியது. பன்னச் செடிகளுக்குள் நேரே போய் ஒரு பள்ளத்தில் நின்றது. அமுங்கிய இலைகள், காய்ந்த கறுப்பு ரத்தம். மான் படுத்த இடம்.

மடலேன் குனிந்து பார்த்தாள். "நேற்று இங்கேதான் படுத்திருக்கிறது. நீங்கள் வந்ததும் எழும்பியிருக்கிறது." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பல்லில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். குகன் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் இருந்துவிட்டார். வில்லோடு நின்ற இடத்திலிருந்து இது எத்தனை அடி? ஒரு பொழுது சும்மா இருந்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும்.

"எழும்பும், தம்பி," என்றேன். "அழுகிறதெண்டாப் பேந்து அழும்."

அங்கிருந்து துளி துளியாகத்தான் ரத்தம். நான் கடதாசி தொங்கவிட்டுக்கொண்டே போனேன். பின்னால் பார்த்தால் காட்டுக்குள் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து வந்தது. அந்தக் கோடு நேரே போய் ஒரு முள்வேலியில் முட்டியது. வேலிக்கு அப்பால் இன்னொருவருடைய காணி. வேட்டை கூடாது, உள்ளே வரக்கூடாது என்று மரத்துக்கு மரம் பலகை.

மடலேன் நாயைத் தூக்கிக்கொண்டாள். "அனுமதி இல்லாமல் போக முடியாது. குதிரை வளர்க்கிற பெண். வேட்டைக்காரர்களைக் கண்டால் ஆகாது. நான் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் கதவைச் சாத்தினாள்."

"சரி, அக்கா," என்றார் குகன். "முடிஞ்சுது. நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தாச்சு."

"முடியேல்ல. மான் அங்கால கிடக்கு."

நான் தனியாகப் போனேன். தெருவைச் சுற்றி, நீளமான பாதையில் நடந்து, வீட்டு முற்றத்துக்கு வந்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், றப்பர்ச் சப்பாத்தோடு வைக்கோல் வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாரியை நிமிர்த்திப் பிடித்தாள். சேலையும் செம்மஞ்சளுமாக ஒரு பொம்பிளையை அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். 'பொன்ஜூர்' என்றேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்: "காயம்பட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. எங்கள் பழைய காதற் பாட்டுகளில் ஆண்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள். தினைப்புனத்தில் நிற்கிற பெண்ணிடம், என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று. அது பெண்ணோடு பேசுவதற்கு ஒரு சாட்டு. இதை வகுப்பில் எத்தனை வருடம் ரசித்து ரசித்துப் படிப்பித்தேன்! பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அந்த மான் என்ன ஆனது என்று ஒரு பிள்ளை கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். காயப்பட்ட மான், பாவம், தேட விடுங்கள் என்பார்கள். உள்ளே விட்டால் என் காணியைச் சுற்றிப் பார்ப்பார்கள், நல்ல மரம் எது என்று பார்ப்பார்கள். அடுத்த கிழமை அந்த மரத்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்திருப்பான். அது வெறும் சாட்டு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. "மன்னியுங்கள்," என்றேன். "எங்கள் ஊரிலும் அது இரண்டாயிரம் வருடத்துச் சாட்டு. நான் ஒருத்தியாவது மானுக்காகவே கேட்கிறேன். வில் காரில் கிடக்கிறது, கார் சேற்றில் கிடக்கிறது. நீங்களும் எங்களோடு வாருங்கள். என் தங்கை புருசன் எந்த மரத்தையாவது அண்ணாந்து பார்த்தால் அந்த வாரியாலேயே அடியுங்கள். ஆனால் மாட்டேன் என்று சொன்னால் நான் போகமாட்டேன். இந்த முற்றத்தில் இருப்பேன்."

அவள் என் சேலை விளிம்பைப் பார்த்தாள். சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது. "அம்பு எய்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

"மனைவியின் அக்கா. அவருக்கு என்னைக் கண்டால் உங்களைவிடப் பயம்."

வாரியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வேலிக்கு அப்பால் பட்டாட் இழுத்த இழுப்பில் மடலேன் ஓட வேண்டியிருந்தது. குதிரைகள் தண்ணீர் குடிக்கிற குட்டை ஓரம், தாழ்ந்த கிளைகளுடைய ஒரு ஊசியிலை மரத்தின் கீழ் மான் கிடந்தது. கண் திறந்திருந்தது. உடம்பில் உறைபனி. இரவிலேயே அடங்கிவிட்டிருக்கிறது. பின்தொடை ஒன்றை ஓநாய் போன்ற கொயோட்டிகள் தின்றிருந்தன. நாய் அதன் கழுத்தில் மூக்கை வைத்துவிட்டு, தன் வேலை முடிந்தது போலப் படுத்துக்கொண்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, குகன்மேல், வசந்திமேல், அந்த மானைப் பற்றிக் கேட்காமலே விட்ட அத்தனை பாட்டுகள்மேல். அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. அது இனி எங்கேயும் ஓடத் தேவையில்லை. குகன் முழங்காலில் நின்று, மானின் காதைத் தடவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் கேட்கப் போகவில்லை.

குதிரைக்காரப் பெண் வாரியை மரத்தில் சாத்தினாள். "என்னிடம் கேட்டவர்களில் உண்மையாகவே மானைத் தேடியது நீங்கள்தான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்வா அண்ணையின் அழைப்பு. இங்கே ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு வருடத்துக்கு ஒரு சீட்டுத்தான். அடித்த மானில் அதைக் கட்டிவிட்டால் அந்த வருட வேட்டை முடிந்தது. "கொயோட்டி திண்ட மானுக்கோ சீட்டுக் கட்டப் போறீர்? உமக்கென்ன விசரோ? ஆரும் பாக்கேல்லத்தானே. விட்டுட்டு வாரும், சனிக்கிழமை நல்லதா ஒண்டு அடிப்பம்."

"நான் பாத்தனான், அண்ணை," என்று சொல்லிக் குகன் போனை வைத்தார். சீட்டை எடுத்து மானின் கொம்பில் இறுக்கிக் கட்டினார்.

மிச்ச வேலையை நான் விபரிக்கப் போவதில்லை. இரவுக் குளிரால் முன்பக்கத்து இறைச்சி தப்பியிருந்தது. குகன் விவசாயியிடம் தானே போய், துடைத்த அம்பு உட்பட முழுவதையும் சொன்னார். விவசாயி கடைசிவரை கேட்டுவிட்டு, இறைச்சியைத் தன் குளிரறையில் தொங்கவிட இடம் காட்டினார். டிராக்டரால் காரையும் இழுத்துவிட்டார். அடுத்த வருடம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது விமான நிறுவனத்தின் அழைப்பு வந்தது. ஒரு இளைஞன் மிகவும் இனிமையாகப் பேசினான். பெட்டியை இதுவரை காணவில்லையாம். இன்னும் சில நாளில் தேடுவதை நிறுத்திவிட்டு நட்டஈடு தருவார்களாம்.

"தம்பி, எனக்கு நட்டஈடு வேண்டாம்," என்றேன். "முழங்காலுக்கு வராத ஒரு நாய் காட்டுக்குள் ஒரு மானைக் கண்டுபிடித்துவிட்டது. உங்களிடம் இவ்வளவு கணினி இருக்கிறது, ஒரு சிவப்புப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? தேடுங்கள். நாளைக்கும் நான் அழைப்பேன்." குகன் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது வசந்தி கோயிலால் வந்துவிட்டிருந்தாள். ஜன்னலில் அவளுடைய தலை தெரிந்தது. குகன் பழக்கத்தில் காரை நிறுத்திவிட்டு கராஜ் பக்கம் திரும்பினார். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. நான் வாசற்படியில் நின்றேன். கதவு திறந்தது. ஊன்றுகோலோடு வசந்தி.

"கிடைச்சுதோ?" என்று என்னைக் கேட்டாள்.

"கிடைச்சுது."

"உயிரோடயோ?"

"இல்லை. ராத்திரியே போயிட்டுது."

அவள் படியிலிருந்து எட்டிப் பார்த்து, கராஜ் கதவில் கை வைத்திருந்த கணவரைக் கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, ஏன் கள்ளன் மாதிரிப் பின்னால போறியள்? முன்னால வாங்கோ."

"ரத்தம் பட்டிருக்கு, வசந்தி."

"பட்டா என்ன, குளியுங்கோ. நாளைக்குப் பாறணையோட விரதம் முடியட்டும், பேந்து இறைச்சியைப் பாப்பம்."

குகன் சப்பாத்தைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, முன்வாசலால் தயங்கித் தயங்கி வந்தார். அவர் தன்னைக் கடக்கும்போது வசந்தி அந்தச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தைப் பார்க்காமல், காய்ந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த முறை சொல்லிப்போட்டுப் போங்கோ. கோயிலுக்குப் பிந்தினாப் பிந்தட்டும். மான் திரும்பும் வரைக்கும் நில்லுங்கோ."